ஒபி-வான் தாத்தா வேறு என்ன செய்தார்?

கேள்வி இது: "ஸ்டார் வார்ஸ் முதல் படத்தில் ஒபி-வான் கெனோபியாக வரும் அலெக் கின்னஸை எல்லோரும் மகா நடிகர் என்கிறார்கள். எனக்கு அங்கி போட்ட ஒரு அமைதியான கிழவர்தான் தெரிகிறார். அப்படி என்ன செய்துவிட்டார்? பார்ப்பதென்றால் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?"

கொஞ்சம் கிண்டல் இருந்தாலும் நியாயமான கேள்விதான். அந்தப் படத்தின் படப்பிடிப்பு 1976-ல் நடந்தபோது அவருக்கு 62 வயது ஆகியிருந்தது, நடிக்க வந்து நாற்பது வருடம் தாண்டிவிட்டது, சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் வாங்கிப் பதினெட்டு வருடம் போயிருந்தது. அதாவது நீங்கள் பார்த்தது ஒரு பெரிய கச்சேரியின் கடைசி அரைமணி நேரம். சுருக்கமாகச் சொல்லச் சொன்னால் இப்படிச் சொல்வேன்: 1949-ல் ஒரே படத்தில் எட்டுப் பேராக வந்து பெயர் வாங்கியவர், சரியாக முப்பது வருடம் கழித்து ஒரு தொலைக்காட்சித் தொடரில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தே ஒரு நாட்டைக் கட்டிப்போட்டார். எட்டு முகத்தில் தொடங்கிய ஆள் எப்படி ஒரு கண்ணாடிக்கு வந்து சேர்ந்தார் என்பதுதான் எனக்கு அவரிடம் சுவாரசியமான விஷயம். நான் சொல்லப்போவதெல்லாம் அதைச் சுற்றித்தான் இருக்கும், அதனால் அவருடைய எல்லாப் படமும் இங்கே வராது.

1914 ஏப்ரல் 2-ம் தேதி லண்டனில் பிறந்தார். பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் எழுத வேண்டிய இடம் காலி. அம்மா ஆக்னெஸ் கஃப், கடைசிவரை அப்பா யாரென்று தெளிவாகச் சொல்லவில்லை. பள்ளிக் கட்டணம் கட்டியவர் ஒரு வங்கிக்காரர், 'மாமா' என்று அறிமுகப்படுத்தப்பட்டவர், அவர்தான் அப்பாவாக இருக்குமோ என்ற ஊகம் இவருக்கே இருந்தது. அம்மா நடுவில் ஒரு ராணுவ அதிகாரியைக் கல்யாணம் செய்து, அது வன்முறையாக முடிந்தது. 14 வயதுக்குள் தனக்கு மூன்று பெயர்கள் இருந்தன, முப்பது இடங்களுக்குக் கிட்ட, விடுதியும் வாடகை அறையுமாக மாறி மாறித் தங்கியாயிற்று என்று அவரே தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். இதை வைத்து 'அடையாளம் தேடிய கலைஞன்' என்று மனோதத்துவம் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் புது வீடு, புது மனிதர்கள், அவர்கள் எதிர்பார்க்கிறபடி முகத்தை வைத்துக்கொள்வது என்று வளர்ந்த பையனுக்கு மற்றவர்களை உற்றுக் கவனிப்பது பிழைப்புக்கான வித்தையாகவே இருந்திருக்கும் என்பது மட்டும் நிச்சயம்.

பதினெட்டு வயதில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதும் வேலை. கிடைத்த சம்பளத்தில் மார்ட்டிட்டா ஹன்ட் என்ற நடிகையிடம் பாடம் கற்கப் போனார். சில வகுப்புகளுக்குப் பிறகு அந்த அம்மா, உனக்கு இது வராது, காசை வீணாக்காதே என்று சொல்லி அனுப்பிவிட்டார். 1946-ல் டேவிட் லீன் எடுத்த 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' படத்தில் மிஸ் ஹவிஷாமாக வருவது அதே மார்ட்டிட்டா ஹன்ட், அதே படத்தில் ஹெர்பர்ட் பாக்கெட்டாக வருவது அலெக் கின்னஸ். சினிமா கதையில் வைத்தால் நம்ப மாட்டோம்.

நடுவில் நடந்தது: 1934-ல் பிரபல மேடை நடிகர் ஜான் கீல்குட் தன் ஹாம்லெட் நாடகத்தில் ஆஸ்ரிக் என்ற சின்ன வேடம் கொடுத்தார். பிறகு ஓல்ட் விக் நாடகக் குழு, 1938-ல் மெருலா சலமான் என்ற நடிகையோடு திருமணம், அதே வருடம் நவீன உடையில் ஹாம்லெட்டாகவே நடித்தது, அப்புறம் போர். கடற்படையில் சாதாரண மாலுமியாகச் சேர்ந்து அதிகாரியாகி, 1943-ல் சிசிலிக் கரையிறக்கத்தில் ஒரு தரையிறங்கு படகுக்குத் தலைமை தாங்கினார். போர் முடிந்து திரும்பியபோது வயது முப்பதைத் தாண்டிவிட்டது, சினிமாவில் யாருக்கும் அவரைத் தெரியாது. டேவிட் லீனுக்கு மட்டும் தெரியும். ஏனென்றால் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலை 1939-ல் கின்னஸே நாடகமாக்கி மேடையேற்றியிருந்தார், லீன் அதைப் பார்த்திருந்தார்.

அடுத்தது 'ஆலிவர் ட்விஸ்ட்', 1948. திருட்டுப் பையன்களை வளர்க்கும் கிழவன் ஃபேகின் வேடம் தனக்கு வேண்டும் என்று கின்னஸ் கேட்டபோது லீன் சிரித்தாராம். ஹெர்பர்ட் பாக்கெட்டாக வந்த அந்த மென்மையான இளைஞன் எங்கே, ஃபேகின் எங்கே. ஒரே ஒரு சோதனைப் படப்பிடிப்பு கேட்டு, முழு ஒப்பனையோடு வந்து நின்று வேடத்தை வாங்கிக்கொண்டார். ஒப்பனைக்காரர் ஸ்டூவர்ட் ஃப்ரீபார்ன், பின்னாளில் ஸ்டார் வார்ஸில் வரும் யோடாவை உருவாக்கிய அதே ஆள்! ஆனால் அந்த ஒப்பனை ஒரு வில்லங்கத்தையும் கொண்டுவந்தது. நாவலில் வந்த பழைய ஓவியங்களைப் பார்த்து ஒட்டிய அந்தப் பெரிய மூக்கு, யூதர்களை இழிவுபடுத்தும் கேலிச்சித்திரமாகவே இருக்கிறது என்று எதிர்ப்பு எழுந்தது. நாஜி வதைமுகாம்களிலிருந்து யூதர்களை மீட்டு மூன்று வருடம் சொச்சம்தான் ஆகியிருந்தது. பெர்லினில் திரையரங்கின் முன் போராட்டம் நடந்தது. அமெரிக்காவில் 1951-ல்தான், அதுவும் பல நிமிடங்களை வெட்டிவிட்டு வெளியிட்டார்கள். நடிப்பு அசாத்தியம், ஆட்சேபம் நியாயம். இரண்டையும் ஒரே நேரத்தில் ஒப்புக்கொண்டுதான் அந்தப் படத்தை இன்று பார்க்க முடிகிறது.

சரி, எட்டு வேடம். ஈலிங் ஸ்டூடியோ தயாரித்த 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கரோனெட்ஸ்', இயக்கம் ராபர்ட் ஹேமர். பிரபுக் குடும்பத்துப் பெண் ஒருத்தி ஒரு பாடகனைக் கல்யாணம் செய்துகொண்டதால் குடும்பம் அவளைத் தள்ளிவைக்கிறது. அவள் மகன் வளர்ந்து, தனக்கும் பட்டத்துக்கும் நடுவே நிற்கும் டஸ்காயின் வம்சத்தாரை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுகிறான். கொல்லப்படுகிறவர்களும் வழியில் தானாகச் சாகிறவர்களுமாக அந்தக் குடும்பத்தார் எட்டுப் பேரும் கின்னஸ்: பாதிரியார், தளபதி, கடற்படை அதிகாரி, வங்கி முதலாளி, கோமகன், இரண்டு இளைஞர்கள், பெண்கள் வாக்குரிமைக்காகப் பலூனில் பறந்து துண்டுப்பிரசுரம் போடும் லேடி அகதா. முதலில் அவருக்கு நான்கு வேடங்கள்தான் பேசினார்களாம். திரைக்கதையைப் படித்துவிட்டு, நான்கு எதற்கு, எட்டும் நானே செய்கிறேனே என்று கேட்டிருக்கிறார்.

பல வேடப் படங்களில் வழக்கமாக என்ன நடக்கும்? ஒவ்வொரு வேடமும் 'பார், இது நான்தான், எப்படி மாற்றிக்கொண்டேன் பார்' என்று நம் தோளைத் தட்டிக்கொண்டே இருக்கும். இதில் அது இல்லை. எட்டுப் பேரும் ஒரே குடும்பத்தார் என்பதால் எல்லோரிடமும் ஒரே மாதிரியான ஒரு மந்தமான கர்வம் ஓடுகிறது, அதற்குள்தான் பாதிரியாரின் தள்ளாட்டமும் தளபதியின் சலிப்பூட்டும் போர்க்கதையும் வருகின்றன. சில பேர் திரையில் இரண்டு நிமிடம்கூட இருப்பதில்லை. தேவாலயக் காட்சியில் ஆறு பேர் ஒரே சட்டகத்தில் தெரிவார்கள். அன்றைக்குக் கணினி கிடையாது, கேமராவை அசையாமல் பூட்டிவைத்து, லென்ஸின் பகுதிகளை மறைத்து, அதே பிலிமைத் திரும்பத் திரும்ப ஓட்டி எடுத்தார்கள். இரவில் யாராவது கேமராவைத் தட்டிவிடுவார்களோ என்று பயந்து ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகோம் அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். அந்த ஷாட் திரையில் நிற்பது சில நொடிகள்தான்.

ஈலிங்கில் தொடர்ந்து மூன்று நல்ல படங்கள். 'தி லேவண்டர் ஹில் மாப்' (1951) படத்தில் இருபது வருடமாக வங்கித் தங்கத்தை வண்டியில் கொண்டுபோய்ச் சேர்க்கும் நேர்மையான குமாஸ்தா, ஒருநாள் அதைக் கொள்ளையடித்து, உருக்கி, ஈஃபில் கோபுரப் பொம்மைகளாக மாற்றிக் கடத்துகிறார். இதற்குத்தான் முதல் ஆஸ்கர் பரிந்துரை. 'தி மேன் இன் தி ஒயிட் சூட்' (அதே வருடம்) கிழியாத, அழுக்காகாத துணி கண்டுபிடிக்கும் விஞ்ஞானியைப் பற்றியது, முதலாளிகளும் தொழிற்சங்கமும் ஒன்றுசேர்ந்து அவரைத் தெருத்தெருவாகத் துரத்துகிறார்கள். 'தி லேடிகில்லர்ஸ்' (1955) படத்தில் கோணல் பல்லோடு ஒரு கொள்ளைக்கூட்டத் தலைவர், கூட்டத்தில் ஒருவராக அப்போது அதிகம் அறியப்படாத பீட்டர் செல்லர்ஸ். என் கணக்கில் 'கைண்ட் ஹார்ட்ஸ்' உட்பட இந்த நான்கில் சிறந்தது ஒயிட் சூட். மற்றவற்றில் வேடம் தெரியும், இதில் ஒட்டுமூக்கு இல்லை, பல் இல்லை, தன் கண்டுபிடிப்பைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாத ஒரு மனிதனின் வெளிச்சமான முகம் மட்டும்தான் இருக்கிறது. கழற்றிவைக்கும் வேலை இங்கேயே ஆரம்பித்துவிட்டது என்று நினைக்கிறேன்.

எல்லாமே வெற்றி என்று நினைத்துவிடாதீர்கள். 1951-ல் மறுபடி ஹாம்லெட் போட்டார், தாடியோடு, தானே இயக்கத்திலும் பங்கெடுத்து. முதல் நாளே விளக்கமைப்பு சொதப்பி, நாடகம் மொத்தமாகக் கவிழ்ந்தது. மேடை நடுவில் நின்று முழங்கும் நாயக வேடங்கள் அவருக்கு எப்போதும் முழுதாகக் கைகூடவில்லை.

நடுவில் ஒரு கிளைக்கதை. 1955 செப்டம்பரில் ஹாலிவுட் போனபோது ஓர் உணவகத்தில் இளம் நடிகர் ஜேம்ஸ் டீனைச் சந்தித்தார். டீன் தன் புதுப் போர்ஷே காரைக் காட்ட, இவருக்கு ஏதோ போலத் தோன்றி, தயவுசெய்து இதில் ஏறாதே, ஏறினால் அடுத்த வாரம் இதே நேரம் நீ உயிரோடு இருக்க மாட்டாய் என்று சொல்லியிருக்கிறார். செப்டம்பர் 30 அன்று டீன் அந்தக் காரில் இறந்தார். இதை கின்னஸே எழுதியும் பேட்டியில் சொல்லியும் இருக்கிறார், நம்புவது உங்கள் இஷ்டம்.

இனி அவருடைய நடைக்கு வருகிறேன். மகன் மேத்யூவுக்குப் பதினோரு வயதில் போலியோ வந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அந்த நாட்களில் கின்னஸ் ஒரு கத்தோலிக்கத் தேவாலயத்தில் போய் உட்கார்ந்து வேண்டிக்கொள்வார். பையன் குணமானான். அதற்குப் பிறகு பாதர் பிரவுன் என்ற துப்பறியும் பாதிரியாராக நடிக்கப் பிரான்ஸ் போயிருந்தார். ஒரு மாலை வேட உடையிலேயே நடந்து வரும்போது, அடையாளம் தெரியாத ஒரு சின்னப் பையன் நிஜப் பாதிரியார் என்று நினைத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே நடந்தானாம். ஓர் உடை மட்டும் ஒரு குழந்தைக்கு இவ்வளவு நம்பிக்கை கொடுக்குமா என்று யோசித்தவர் 1956-ல் கத்தோலிக்கராக மாறினார்.

அதே வருடக் கடைசியில் இலங்கைக்கு வந்தார், 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்துக்கு. கதை நடப்பது சயாமில் (இன்றைய தாய்லாந்து), எடுத்தது கித்துல்கலவில், களனி கங்கைக் கரையில். ஜப்பானியர் பிடித்த பிரிட்டிஷ் கைதிகளின் தலைவர் கர்னல் நிக்கல்சன். அதிகாரிகள் உடலுழைப்புச் செய்யக் கூடாது என்ற விதிக்காகத் தகரக் கூண்டில் வெயிலில் வேகிறார், ஜெயித்து வெளியே வந்ததும் எதிரிக்காகவே உயிரைக் கொடுத்து ஒரு நல்ல பாலம் கட்டித் தருகிறார். இந்த வேடத்தை கின்னஸ் முதலில் மறுத்திருந்தார். வந்து இறங்கியதும் லீன், எனக்கு நடிகர் சார்ல்ஸ் லாட்டன்தான் வேண்டியிருந்தது என்கிற தொனியில் வரவேற்றார் என்று பின்னாளில் சொன்னார். நிக்கல்சனுக்குக் கொஞ்சம் நகைச்சுவை வேண்டும், இல்லாவிட்டால் யாருக்கும் பிடிக்காது என்பது கின்னஸ் கட்சி, அதெல்லாம் வேண்டாம் என்பது லீன் கட்சி, படம் முடியும்வரை சண்டை. லீன் பக்கம்தான் நியாயம் என்று நினைக்கிறேன், ஆனால் கின்னஸின் பிடிவாதமும் அந்தக் கர்னலின் பிடிவாதத்துக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது.

கூண்டிலிருந்து கர்னலை வெளியே விடும் காட்சி வரும். ஜப்பானிய அதிகாரியின் குடிசைவரை மைதானத்தைக் கடந்து நடக்க வேண்டும், மொத்த முகாமும் பார்க்கிறது. முதுகு நிமிர்ந்திருக்கிறது, கால்கள் மட்டும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. தாங்கிப் பிடிக்க வந்தால் ஒத்துக்கொள்ளாத ஒரு நடை. போலியோவிலிருந்து எழுந்த தன் மகன் மறுபடி நடக்கப் பழகியபோது எப்படி நடந்தானோ அதைத்தான் அங்கே வைத்தேன் என்று கின்னஸ் சொல்லியிருக்கிறார், தன் வாழ்நாளின் சிறந்த வேலைகளில் ஒன்றாக அந்தச் சில நொடிகளையே கருதினார். முதல் தடவை பார்க்கும்போது இது எனக்குத் தெரியாது, தெரிந்த பிறகு அந்தக் காட்சியைச் சாதாரணமாகப் பார்க்க முடிவதில்லை.

படத்துக்கு ஏழு ஆஸ்கர், அதில் ஒன்று இவருக்கு. 1959-ல் சர் பட்டம். ஆனால் தமிழில் இந்தப் படத்தைப் பற்றி எழுதிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. நிஜமான சயாம்-பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர், 1942-43-ல் ஜப்பானியர் போட்டது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் அறுபதாயிரம் பேருக்கு மேல் அதில் வேலை செய்து பன்னிரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களோ இரண்டு லட்சம் பேர் அளவில், அவர்களில் இறந்தவர்கள் தொண்ணூறாயிரம் இருக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போன தமிழர்கள் அதில் பெரும் பங்கு. 'சயாம் மரண ரயில்' என்று மலேசியத் தமிழர்கள் இன்றும் சொல்வது இதைத்தான். படத்தில் அவர்களைக் காண முடியாது. பிரிட்டிஷ் கைதிகளுக்கே படம் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம்: நிஜத்தில் அந்த மாதிரி ஒரு முகாமில் தலைமை வகித்த பிலிப் டூசி, நிக்கல்சனைப் போல எதிரிக்குப் பாலம் கட்டி மகிழ்ந்தவர் இல்லை, முடிந்தவரை வேலையைக் கெடுத்தவர். இதெல்லாம் கின்னஸின் தவறில்லை. ஆனாலும் அந்த நடையை ரசிக்கும்போதே, அதே பாதையில் நடந்து திரும்பாதவர்களின் ஞாபகம் நமக்கு வரத்தான் செய்யும்.

ஆஸ்கருக்குப் பிறகு அவர் செய்ததில் இரண்டை மட்டும் சொல்கிறேன். 'தி ஹார்ஸஸ் மவுத்' (1958) படத்துக்குத் திரைக்கதையும் அவரே, அதற்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. 'ட்யூன்ஸ் ஆஃப் க்ளோரி' (1960) ஒரு ஸ்காட்லாந்துப் படைப்பிரிவில் இரண்டு கர்னல்களுக்கு இடையிலான மோதல். விறைப்பான, விதி பேசும் கர்னல் வேடம்தான் முதலில் அவருக்கு வந்தது, அதாவது இன்னொரு நிக்கல்சன். அதை ஜான் மில்ஸுக்கு விட்டுவிட்டு, குடித்துச் சத்தம் போடும் சிவந்த தலைமுடிக்காரரான ஜாக் சின்க்ளேரை இவர் எடுத்துக்கொண்டார். கின்னஸ் சத்தமாக நடித்து நான் முழுதாக நம்பிய ஒரே படம் இது. மற்றபடி அறுபதுகளில் லீனுடைய பிரம்மாண்டப் படங்களிலும் வேறு பலவற்றிலும் இளவரசர், தளபதி, ரோமச் சக்கரவர்த்தி என்று வந்துகொண்டே இருந்தார். லாரன்ஸ் ஆஃப் அரேபியாவில் ஃபைசலாக அழகாகவே செய்திருக்கிறார், ஆனால் ஒட்டகமும் பாலைவனமும் நடிக்கும் படத்தில் அவருக்கு இடம் குறைவு. 1973-ல் ஹிட்லராகவும் நடித்தார், அதைத் தேடிப் பார்க்க வேண்டாம்.

இப்போது உங்கள் ஒபி-வான். படப்பிடிப்பு நாட்களில் ஒரு தோழிக்கு எழுதிய கடிதத்தில், ஒருநாள் விட்டு ஒருநாள் இளஞ்சிவப்புத் தாளில் புதுக் குப்பை வசனம் வந்து சேர்கிறது என்று புலம்பியிருக்கிறார். கூட நடிக்கும் ஹாரிசன் ஃபோர்டின் பெயர்கூட அவருக்குச் சரியாக நினைவில்லை, 'டென்னிசனோ எலிசனோ' என்று எழுதுகிறார். ஆனாலும் ஒப்புக்கொண்டபோது ஒரு புத்திசாலித்தனம் செய்திருந்தார்: லாபத்தில் இயக்குநரின் பங்கிலிருந்து 2 சதவீதம். வெளியீட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஜார்ஜ் லூகாஸ் தொலைபேசியில் கூப்பிட்டு இன்னும் அரை சதவீதம் தருவதாகச் சொன்னார், எழுத்தில் வந்தபோது அது கால் சதவீதமாகச் சுருங்கியிருந்தது என்று தொலைக்காட்சிப் பேட்டியில் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த 2.25 சதவீதம் அவரைச் சாகும்வரை வசதியாக வைத்தது. ஸ்டார் வார்ஸ் படங்களில் இதுவரை நடிப்புக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்ற ஒரே ஆளும் அவர்தான். அப்படியும் அந்தப் புகழை அவரால் சகிக்க முடியவில்லை. படத்தை நூறு தடவைக்கு மேல் பார்த்ததாகச் சொன்ன ஒரு சிறுவனிடம், இனிமேல் பார்க்கக் கூடாது என்று வாக்குறுதி கேட்டு அழவைத்த கதையை அவரே தன் கடைசிப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஒரு குழந்தையிடம் அதைச் செய்திருக்க வேண்டாம்.

ஆனால் அந்தப் பணம்தான் அவசரமில்லாமல் தேர்ந்தெடுக்கும் சுதந்திரத்தைக் கொடுத்தது. 1979-ல் பிபிசிக்காக 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை', ஏழு பகுதிகள். ஜான் லெ காரேயின் உளவு நாவல். பிரிட்டிஷ் உளவுத்துறையின் தலைமையிலேயே ஒரு சோவியத் ஆள் இருக்கிறான், ஓய்வில் அனுப்பப்பட்ட ஜார்ஜ் ஸ்மைலி அவனைக் கண்டுபிடிக்க வேண்டும். தன் வேலைக்கு முன்மாதிரி வேண்டும் என்று கின்னஸ் கேட்டதால், முன்னாள் உளவுத்துறைத் தலைவர் மாரிஸ் ஓல்டுஃபீல்டோடு ஒரு மதியச் சாப்பாட்டுக்கு லெ காரே ஏற்பாடு செய்தார். சாப்பாடு முடிந்து ஓல்டுஃபீல்டு கிளம்பியதும் கின்னஸ் எழுந்து ஓடிப்போய் அவர் தெருவில் எப்படி நடக்கிறார் என்று பார்த்தாராம். சட்டைக் கைப் பொத்தான்கள், காலணி, குடையைப் பிடிக்கும் விதம், டம்ளரின் உள்விளிம்பில் விரலை ஓட்டிய பழக்கம் என்று எல்லாவற்றையும் விசாரித்திருக்கிறார். அந்த விரல், விஷம் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிறதா என்றுகூடக் கேட்டதாக லெ காரே எழுதியிருக்கிறார்.

தொடரில் இதெல்லாம் எங்கே தெரிகிறது என்றால், எங்குமே துருத்திக்கொண்டு தெரியவில்லை. ஸ்மைலி பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருக்கிறார். எதிரில் இருப்பவர்கள் பேசுகிறார்கள், உளறுகிறார்கள், பொய் சொல்கிறார்கள், இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொள்கிறார். ஆனால் பொய் வரும்போது அந்த முகத்தில் ஒரு சின்ன வருத்தம் கடந்துபோகும், கோபம் கிடையாது, 'நீயுமா' என்கிற மாதிரி. டெல்லிச் சிறையில் ரஷ்ய உளவாளி கார்லாவை விசாரித்ததை நினைத்துப் பார்க்கும் காட்சி ஒன்று இருக்கிறது. கார்லாவாக இளம் பேட்ரிக் ஸ்டூவர்ட், அவருக்கு ஒரு வார்த்தை வசனம் கிடையாது. ஒருவர் வாயே திறக்காமல், இன்னொருவர் தன்னையறியாமல் தன் பலவீனத்தை எல்லாம் சொல்லிக் கொட்டுகிற காட்சி அது. இதற்கும் 1982-ல் வந்த தொடர்ச்சியான 'ஸ்மைலிஸ் பீப்பிள்' தொடருக்கும் பிரிட்டனின் பாஃப்டா விருதுகள் கிடைத்தன. கின்னஸ் அந்தப் பாத்திரத்தை இப்படி எடுத்துக்கொண்டுவிட்ட பிறகு, ஸ்மைலியை எழுத உட்கார்ந்தால் அவர் குரல்தான் கேட்கிறது, தன்னுடைய ஸ்மைலி தன்னைவிட்டுப் போய்விட்டார் என்றார் லெ காரே.

இவ்வளவு கழற்றி வைத்தவர் மறுபடி வேஷம் கட்டியதும் உண்டு. 1984-ல் லீனின் 'எ பாசேஜ் டு இந்தியா' படத்தில் முகத்துக்குக் கருமை பூசிப் பேராசிரியர் கோட்போலேயாக வந்தார். பெங்களூரில் அரங்கம் போட்டு, ரயில் காட்சிகளை நம் நீலகிரி மலை ரயில் பாதையில் எடுத்த படம். விக்டர் பானர்ஜி, ரோஷன் சேத், சயீத் ஜாஃப்ரி என்று அத்தனை நல்ல இந்திய நடிகர்களுக்கு நடுவே இவர் மட்டும் தனியாக ஒட்டவைத்தது போல இருக்கிறார். கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட நடனத்தை லீன் வெட்டியெறிந்ததில் அவருக்கு மனவருத்தம். எனக்கு அதில் வருத்தம் ஏதுமில்லை.

ஈடுகட்டுவதற்கு 'லிட்டில் டாரிட்' (1987) இருக்கிறது, ஆறு மணி நேரம் ஓடும் இரண்டு பாகங்கள். கடனாளிகள் சிறையில் இருபது வருடத்துக்கு மேல் கிடந்தும் தன்னைக் கனவானாக நினைத்துக்கொள்ளும் முதியவர், வருகிறவர்களிடம் காசு வாங்குவதைக்கூட அவர்களுக்குச் செய்யும் சலுகைபோலச் செய்வார். ஹெர்பர்ட் பாக்கெட், ஃபேகின், நடுவில் ஒரு மார்லியின் ஆவி, கடைசியில் இந்த டாரிட், எல்லாம் டிக்கன்ஸ். அதற்கும் ஆஸ்கர் பரிந்துரை வந்தது. தொண்ணூறுகளில் மெல்ல ஒதுங்கி, நாட்குறிப்புகளை எழுதி வெளியிட்டுவிட்டு, 2000 ஆகஸ்ட் 5 அன்று காலமானார். இரண்டே மாதத்தில் மெருலாவும் போய்ச் சேர்ந்தார்.

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டீர்கள். 'கைண்ட் ஹார்ட்ஸ்' முதலில், சிரித்துக்கொண்டே பார்க்கலாம். அப்புறம் 'குவாய்'. மூன்றாவதாக 'டிங்கர் டெய்லர்', அதைப் போனில் பார்க்காதீர்கள், கதை சிக்கல் என்பதால் முதல் இரண்டு பகுதி குழப்பும், பொறுத்துக்கொள்ளுங்கள். இது மூன்றும் முடிந்த பிறகு ஸ்டார் வார்ஸை மறுபடி போட்டு, ஒபி-வானின் குடிசைக் காட்சிக்கு மட்டும் போங்கள். என் அப்பா எப்படி இறந்தார் என்று லூக் கேட்பான். வில்லன் டார்த் வேடர்தான் லூக்கின் அப்பா என்கிற திருப்பம் 1980 படத்தில்தான் வருகிறது, இதை எடுக்கும்போது கதையில் அப்படி ஒன்று கிடையாது. ஆனால் கின்னஸ் உடனே பதில் சொல்வதில்லை. பார்வை ஒரு கணம் நகர்கிறது, எவ்வளவு சொல்லலாம் என்று அளந்து பார்ப்பதுபோல ஒரு சின்ன இடைவெளி, அப்புறம்தான் பேசுகிறார்.